மனிதர் மரங்களல்லர்

எங்கள் புகலிட எழுத்தில் மரமும் பறவையும் இல்லாத இதழ் அரிது. வேரறுந்த மரம், பிடுங்கி நட்ட நாற்று, கூடிழந்த பறவை. எண்பதுகளில் அகதியாக வந்தவருக்கும் நேற்றுத் தொழில் விசாவில் வந்திறங்கியவருக்கும் இந்தச் சொற்களே போதுமாக இருக்கின்றன. பொயிண்ட் குக்கில் இப்போது இதற்கொரு புதிய பதிப்பு வந்திருக்கிறது. பின்வளவில் கறிவேப்பிலை தழைக்கிறது. சுவரோரம் நட்ட முருங்கை ஒரு குளிர்காலத்தைத் தாண்டிவிடுகிறது. வேலியில் மைனா வந்து குந்துகிறது. உடனே 'பார்த்தீர்களா, எங்களைப்போல இவையும் இந்தக் குளிரில் வேர்விட்டுவிட்டன' என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம்.

இந்த உவமை பொய். பொய் மட்டுமென்றால் கவிஞர்களின் சுகத்துக்காக விட்டுவிடலாம். இது ஆபத்தானதுங்கூட.

முதலில் மைனாவைப் பார்ப்போம். அது புலம்பெயர்ந்து வந்த பறவையல்ல. கூட்டில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட பறவை. 'ஆர்கஸ்' பத்திரிகையின் எட்வர்ட் வில்சன் முன்னின்று 1861இல் விக்ரோறியாவில் ஒரு சங்கம் தொடங்கினார். பிறநாட்டு உயிர்களைக் கொண்டுவந்து இந்த மண்ணில் பழக்குவதே அதன் வேலை. 1862 முதல் மெல்பேர்ணில் மைனாக்களைத் திறந்துவிட்டார்கள், பூச்சி பிடிக்கட்டும் என்று. ஊர்க்குருவியும் புள்ளிப்புறாவும் அதே தசாப்தத்தில் வந்தவையே. அதற்குச் சற்று முன், 1859 நத்தார் தினத்தன்று, பார்வன் பார்க் பண்ணைக்காரர் தோமஸ் ஒஸ்ரினுக்கு இங்கிலாந்திலிருந்து 24 முயல்கள் கப்பலில் வந்து சேர்ந்தன. அதன் விளைவைக் கண்டமே அறியும். 1870ஐ அண்டிய ஆண்டுகளில் வேட்டைப் பொழுதுபோக்குக்காகச் செந்நரிகளை விட்டவர்களில் முக்கியமானவர் தோமஸ் சேர்ன்சைட். அவருடைய குடும்பம் 1857இல் கட்டிய பண்ணைவீடு இந்தப் பொயிண்ட் குக்கில்தான் இன்றும் நிற்கிறது. நாம் வீடு வாங்கிய இடம் அத்தனை அப்பாவியான இடமல்ல.

இதே தேசம் 1901இல், கூட்டாட்சி பிறந்த ஆண்டிலேயே, குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. வெள்ளையரல்லாதவர் வந்திறங்கினால் ஏதாவதோர் ஐரோப்பிய மொழியில் சொல்வதெழுதல் பரீட்சை வைப்பார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். அந்தப் பரீட்சை 1958 வரை இருந்தது. 'வெள்ளை அவுஸ்திரேலியா'வின் கடைசி மிச்சங்கள் 1973இல்தான் நீங்கின. இந்தியாவிலிருந்து வந்த மைனாவிடம் எவரும் எழுதிக் காட்டு என்று கேட்கவில்லை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த மனிதனிடம் கேட்டார்கள். மைனாவும் நாமும் ஒன்று என்பவர் இந்த வரலாற்றை எந்த மூலையில் வைக்கப்போகிறார்?

எங்கள் மலையகத்திலும் நடந்தது இதுதான். தேயிலைக்கு நிழல் வேண்டுமென்று வெள்ளைத் துரைமார் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக் காடுகளின் கிரெவில்லியா மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து மனிதரைக் கொண்டுவந்தார்கள். மரத்தையும் மனிதரையும் அதே மலைச்சரிவில் நிறுத்தியது ஒரே சாம்ராச்சியம். 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்த மனிதரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் தலையெண்ணிப் பங்கிட்டது. கிரெவில்லியா மரம் அங்கேயே நின்றது. எந்தப் பாராளுமன்றமும் அதன் பூர்வீகத்தை விசாரிக்கவில்லை.

அடுத்து, 'எங்கள் மண்ணின் பொருள்' என்று நாம் உருகுகிறவை. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தை ஒருகாலத்தில் தாங்கி நின்ற புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஒடியல் கூழுக்குள் போகும் செத்தல் மிளகாயும் மரவள்ளியும் அங்கிருந்தே வந்தன. பப்பாசியும் கொய்யாவும் அப்படியே. போர்த்துக்கேயர் காலத்துக்கு முந்திய யாழ்ப்பாணத்துச் சட்டிக்குள் மிளகாய் இல்லை. ஆனாலும் மிளகாயை அந்நியன் என்று எவனும் தோட்டத்திலிருந்து பிடுங்கி எறியவில்லை. எங்கிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு செடியின் நன்மை தீமையை அளக்க முடியாது. வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதே அளவுகோல்.

அந்த அளவுகோலைப் பிடித்தால் மைனாவுக்கும் சலுகையில்லை. மரப்பொந்துகளில் கூடுகட்டும் உள்ளூர்ப் பறவைகளை அது விரட்டுகிறது. மைனா பெருகிய இடங்களில் சில உள்ளூர்ப் பறவைகள் குறைந்ததாகக் கன்பராவில் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. மெல்பேர்ணில் சொந்தப் பறவையாக மதிக்கப்படும் வானவில் லொறிக்கீற் கிளி, கண்டத்தின் மறுகரையில் பேர்த் நகரில் வெளியிலிருந்து வந்த பீடை. ஒரே கிளிதான், செய்யும் கேடு இடத்துக்கு இடம் வேறு. கறிவேப்பிலையும் அப்படியே. தோடை, எலுமிச்சை இனங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைக் காவும் பூச்சி கறிவேப்பிலையில் வாழக்கூடியது. அந்த நோய் இந்த நாட்டில் இன்னும் இல்லை. ஆகவே 'அம்மா தந்த விதை' என்று பயணப்பெட்டியின் அடியில் ஒளித்துக் கொண்டுவருவது பாசமல்ல. மறே நதிக்கரைத் தோட்டக்காரனின் வயிற்றிலடிப்பது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் இங்குள்ள நாற்றுமேடையில் வாங்கி நடலாம். யார் தடுத்தார்?

மைனாவுக்கும் எங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். பொந்து யாருடையது என்று மைனாவால் கேட்க முடியாது. எங்களால் முடியும். பொயிண்ட் குக் குலின் இனக் குழுக்களில் ஒன்றான புனுரோங் மக்களின் நிலம். மெல்பேர்ணின் மேற்கே விரியும் எரிமலைக் கற்சமவெளியில் மூர்னொங் என்ற கிழங்கை அகழ்ந்து உண்டு அம்மக்கள் வாழ்ந்தார்கள். 1835இல் வெள்ளையர் குடியேறினர். அவர்களுடைய செம்மறிகள் சில ஆண்டுகளிலேயே அந்தக் கிழங்கை மேய்ந்து தீர்த்தன. அச்சமவெளிப் புல்நிலத்தில் இன்று ஐந்து வீதம்கூட எஞ்சவில்லை. 2008இல் அதை அழிவின் விளிம்பிலுள்ளதாகச் சட்டப்படி அறிவித்தார்கள். 2021 குடிசன மதிப்பின்படி பொயிண்ட் குக்கில் 66 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களுக்குள் நாமும் இருக்கிறோம். நாற்று என்று எங்களைச் சொல்லிக்கொள்ளும்போது இந்தக் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறோம். யாரோ பிடுங்கினார்கள், யாரோ நட்டார்கள், எங்களுக்கென்ன என்கிறோம். பிடுங்கியவர்களை மறக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் காணியைத் தெரிந்தெடுத்து, வங்கியில் கடன்பட்டு, உறுதியில் கையொப்பமிட்டது எங்கள் கைதான்.

ஆபத்து என்றேனே, அது இன்னும் பெரியது. மனிதரை மரமாக்கினால், வேரில்லாத மரத்தைத் தறிக்கலாம் என்பவனுக்கும் அதே சொல் பயன்படும். இங்கே அந்தப் பறவையின் பெயர் 'இந்தியன் மைனா'. ஆத்திரம் வந்தால் 'ஆகாயத்து எலி'. அந்தத் தொனியை எங்கள் காது அறியும். 'பற தெமளு' என்று கேட்டவர்கள் நாம். நாமும் சும்மா இருக்கவில்லை. மலையகத் தமிழரைப் பார்த்துக் 'கள்ளத்தோணி' என்ற வாய்கள் யாழ்ப்பாணத்திலும் இருந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணிலிருந்து புலிகள் வெளியேற்றியபோது, அந்த மண் யாருடையது என்று தீர்ப்புச் சொன்னது தமிழ்த் துப்பாக்கிதான்.

அதே சொல் இப்போது மெல்பேர்ண் விருந்து மேசைகளில் உலாவுகிறது. படகில் வந்த தமிழனைப் பற்றி, விமானத்தில் வந்த தமிழன் 'கள்ளமாய் வந்தவங்கள்' என்கிறான். குயின்ஸ்லாந்தின் பிலோயீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பமொன்றை 2018 மார்ச்சில் விடிகாலையில் பிடித்துப்போனார்கள். கிறிஸ்மஸ் தீவு வரை கொண்டுபோய் அடைத்தார்கள். 2022 ஓகஸ்டில்தான் அவர்களுக்கு நிரந்தர விசா கிடைத்தது. அவர்களுக்காக நான்காண்டு விடாது குரல்கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள். இறைச்சித் தொழிற்சாலையும் நிலக்கரியும் உள்ள அவ்வூரின் வெள்ளையர், இவர்கள் எங்கள் அயலவர் என்றார்கள். அவர்கள் வேரைத் தோண்டிப் பார்க்கவில்லை. எங்களில் பலர் அப்போது 'வரிசையைத் தாண்டி வந்தால் இப்படித்தான்' என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தோம்.

பறவை உவமைதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் பொயிண்ட் குக்கின் பழைய உப்பளத்துக்கு, இன்றைய சீத்தம் ஈரநிலத்துக்குப் போகட்டும். வளைந்த அலகுள்ள சிறு உள்ளான்கள் கோடையில் அங்கே இரைதேடும். சைபீரியாவில் குஞ்சு பொரிப்பவை அவை. அதே இனத்தின் வேறு கூட்டங்கள் மன்னாருக்கும் யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கும் போகின்றன. உண்மையான வலசைப் பறவை ஆண்டுதோறும் திரும்பிப் போகும். நாம் போகவில்லை, பெரும்பாலானோர் போகப்போவதுமில்லை. அதை வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். இருக்க வந்தவர்களுக்கு இருப்பதன் பொறுப்புகள் உண்டு: இந்த நிலத்தின் முதல் மக்களின் நியாயத்தோடு நிற்பது, சேற்றையும் புல்லையும் மிச்சமுள்ள பறவையையும் காப்பது, எங்களுக்குப் பின்னால் படகில் வருபவனுக்குக் கதவைச் சாத்தாதிருப்பது. இவற்றைச் செய்ய வேர் தேவையில்லை. கைகளும் வாயும் இருந்தால் போதும்.