மூச்சு வாங்குவது சோம்பல் அல்ல



நமது தோட்டத்து அக்கா ஒருவர். வயது 41. மலையேறும்போது பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவார். கங்காணிக்கு அது சோம்பல். செக்ரோலில் அது அரைப்பேர். டிஸ்பென்சரியில் அது வீசிங். ஒரு பம்பும் நாலு பனடோலும் கொடுத்தார்கள். லயத்தில் நாமும் "இரத்தம் காணாது, முருங்கையிலை சாப்பிடு" என்றோம். இருபது வருடம் இப்படியே போனது.

போன வருடம் கால் வீங்கி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் இடையில் துளை. பிறக்கும்போதே இருந்த துளை.

நாற்பது வயதில் பிறவி நோயா என்று கேட்காதீர்கள். பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. எல்லாக் குறையும் பிள்ளையை நீலமாக்கிக் காட்டுவதில்லை. மேலறைத் துளை உள்ள பிள்ளை ஓடும், ஆடும், பள்ளிக்கூடம் வரும். முப்பது, நாற்பது வயதில்தான் பலருக்கு இளைப்பும் படபடப்பும் களைப்பும் தலைகாட்டும். நேரத்தோடு கண்டால், பலருக்குத் தொடை இரத்தக் குழாய் வழியாகவே அடைத்துவிடலாம். இல்லாவிட்டால் ஒப்பரேஷன் இருக்கிறது. பிந்தினால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் கெட்டுப்போகலாம். அந்தக் கட்டம் தாண்டினால் துளையை அடைப்பதே ஆபத்து. நமது அக்காவுக்கு அதைத்தான் சொன்னார்கள்.

"பிறவி நோய்க்கு நிர்வாகம் என்ன செய்யும்?" என்று கேட்கிறார்கள். துளைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. இருபது வருடம் அது தெரியாமல் போனதற்கு யார் பொறுப்பு? நெஞ்சில் குழாய் வைத்துக் கவனமாகக் கேட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கலாம். ஈ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் அதைக் கூட்டியிருக்கும். எக்கோ உறுதி செய்திருக்கும். அதில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பணமும் இல்லை. டிஸ்பென்சரியிலிருந்து ஒரு கடிதம் போதுமாயிருந்தது. அந்தக் கடிதத்தை யாரும் எழுதவில்லை. கேட்டு வாங்க நாமும் போகவில்லை. விளையாட்டுப் போட்டியில் இளைத்து உட்காரும் பிள்ளையை "சோம்பேறி" என்ற ஆசிரியர்களும் நம்மில் உண்டு. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம்.

ஆகவே நமது கோரிக்கைகள்:

இளைப்பு, படபடப்பு, மயக்கம் என்று திரும்பத் திரும்ப வருபவரை டிஸ்பென்சரி ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்ப வேண்டும். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது. நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றாமல் முறையான வாகனம் தர வேண்டும். மூச்சு வாங்குபவருக்கு அரைப்பேர் போடுமுன் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மருத்துவரிடம் "இளைக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை வருடமாக, எந்த மேட்டில், படபடப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்ததா என்று சொல்லுங்கள். சிறுவயதில் இதய ஒப்பரேஷன் செய்தவர்கள் "சுகமாகிவிட்டது" என்று கிளினிக்கை விடாதீர்கள். கர்ப்பிணிகள் இளைப்பை மருத்துவ மாதுவிடம் மறைக்காதீர்கள். இதயக் குறையோடு பிள்ளை சுமப்பது தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இளைப்புக்காக அரைப்பேர் விழுந்தவர்களின் பெயர்களைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் கொடுங்கள். அந்தப் பட்டியலோடு நாம் துரையின் ஆபீசுக்குப் போவோம். அக்காவுக்குப் பிந்திவிட்டது. அவர் மகளுக்கும் பிந்த விடமாட்டோம்.