பொரித்த மீனும் பறிபோன அடுப்பும்



திருப்பாதிரிப்புலியூரில் வாழும் நமக்குக் கடல் தொலைவில் இல்லை. கிழக்கே தேவனாம்பட்டினம், தெற்கே முதுநகர்த் துறைமுகம், இன்னும் தெற்கே சென்றால் வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டை. விடியலில் கரையேறும் சங்கராவும் கானாங்கெளுத்தியும் மத்தியும் வெயில் ஏறுவதற்குள் நம் கடைத்தெருவுக்கு வந்துவிடுகின்றன. இத்தகைய ஊரில், மஃரிப் தொழுகை முடிந்ததும் நம் குடும்பத்தார் பொரித்த மீனுக்காகச் சாலையோரக் கடைகளின் முன் காத்து நிற்கின்றனர். காரணம் கேட்டால், "வீட்டில் பொரித்தால் அந்த மொறுமொறுப்பு வருவதில்லை" என்கின்றனர்.

இக்கூற்று தவறு என்று நாம் வாதிடுகிறோம். இத்தவறான நம்பிக்கைக்காக நாம் செலுத்தும் விலை காசோடு முடிவதில்லை. மார்க்கப் பேணுதலிலும் உடல்நலத்திலும் இல்லறத்திலும் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மீன் ஹலால்தான், அது பொரிந்த எண்ணெய்?

கடலில் பிடிக்கப்படும் உணவு நமக்கு ஆகுமானது என்பதைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் 96ஆம் வசனம் அறிவிக்கிறது. கடல்நீர் தூய்மையானது என்றும், அதில் இறந்தது உண்ணத் தக்கது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் கடற்கரையோரம் சென்ற முந்நூறு தோழர்கள் பசியால் வாடியபோது, கரையொதுங்கிய மாபெரும் மீன் ஒன்று அவர்களுக்குப் பல நாள் உணவாயிற்று. அவர்கள் மதீனா திரும்பியபின் நபியவர்களும் அதன் இறைச்சியைக் கேட்டு வாங்கி உண்டார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. இறால், நண்டு போன்றவற்றில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. மீனைப் பொறுத்தவரை, அதை அறுக்க வேண்டியதில்லை என்பதில் வேறுபாடே இல்லை.

இந்த எளிமையே நம்மைக் கவனக்குறைவில் தள்ளிவிட்டது. "மீன்தானே, அதில் என்ன ஹராம் வந்துவிடப் போகிறது?" என்று எண்ணி எந்தக் கடையிலும் வாங்குகிறோம். மீன் பொரியும் சட்டியில் சற்று முன் எது பொரிந்தது என்று நாம் கேட்பதில்லை. பெரும்பாலான துரித உணவுக் கடைகளில் கோழிக்கும் மீனுக்கும் ஒரே சட்டி, ஒரே எண்ணெய், ஒரே கரண்டி. அக்கோழி முறைப்படி அறுக்கப்படாததாயின் அது செத்த பிராணியின் சட்டத்தில் அடங்கும். அது அசுத்தம், அது வெந்த எண்ணெயும் அசுத்தம், அந்த எண்ணெயில் பொரிந்த மீனும் அசுத்தத்திலிருந்து தப்புவதில்லை. இது இரு மத்ஹபுகளின் அறிஞர்களும் ஏற்கும் சட்டம்.

எல்லாக் கடைகளும் இப்படித்தான் என்று நாம் கூறவில்லை. ஆதாரமின்றி ஒருவருடைய வணிகத்தை ஹராம் என்று தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் கேட்டறியும் கடமை உண்டு. ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இரண்டிற்கும் இடைப்பட்ட ஐயத்திற்குரியவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்னும் கருத்துடைய நபிமொழியை நம் பிள்ளைகள் மக்தபில் மனனம் செய்கின்றனர். மாலையில் அதே பிள்ளையின் கையில் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பொட்டலத்தைக் கொடுத்தால், காலையில் கற்றது எப்படி மனத்தில் நிற்கும்?

சிவப்பும் கறுப்பும்

இறைவன் உண்ணச் சொன்னபோது ஹலாலை மட்டும் சொல்லவில்லை. "தய்யிப்" என்ற சொல்லையும் சேர்த்தே சொன்னான். தூய்மையான, நலம் பயக்கும் உணவு என்பது அதன் பொருள். கடையின் பொரித்த மீனை இவ்விரண்டாம் அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

முதலில் நிறம். மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசிப் பொரித்த மீன் பழுப்புக் கலந்த செம்மையே பெறும். விளக்கொளியில் பளபளக்கும் அந்தச் செக்கச்செவேல் நிறம் மிளகாயால் வருவதன்று. 2024 ஜூன் மாதம் கர்நாடக அரசு கோழி, மீன் உள்ளிட்ட கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. ஆய்வுக்கு எடுக்கப்பட்ட 39 மாதிரிகளில் 8 பாதுகாப்பற்றவை எனக் கண்டறியப்பட்டதே அதற்குக் காரணம். 'சன்செட் எல்லோ', 'கார்மோய்சின்' ஆகிய நிறமிகள் அவற்றில் இருந்தன. மீறுவோருக்கு ஏழாண்டு முதல் ஆயுள் வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டரசு, 'ரோடமின்-பி' என்னும் சாயம் காணப்பட்டதால் பஞ்சுமிட்டாயைத் தடை செய்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். பஞ்சுமிட்டாயைக் கண்டு பதறிய பெற்றோர், மீன் துண்டின் சிவப்பைக் கண்டு ஏன் பதறுவதில்லை?

அடுத்து எண்ணெய். மீண்டும் மீண்டும் காயும் எண்ணெய் சிதைந்து, 'மொத்தத் துருவச் சேர்மங்கள்' எனப்படும் தீய பொருள்கள் அதில் பெருகுகின்றன. இவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் இந்தியாவெங்கும் நடைமுறையில் உள்ளது. விதி ஏட்டில் இருக்கிறது. தெருவோரச் சட்டியில் அதை அளப்பவர் யார்? கறுத்து, நுரைத்து, தடித்த எண்ணெயைக் கண்ணால் கண்டும் நாம் வாங்குகிறோமென்றால் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது?

"சரி, வீட்டில் ஏன் வருவதில்லை?" என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் கடையைப் பழிப்பது நேர்மையாகாது.

மொறுமொறுப்பின் எதிரி ஈரம். கழுவிய மீனை நீர் சொட்டச் சொட்ட மசாலாவில் புரட்டுகிறோம். அந்த நீர் ஆவியாகி முடியும்வரை மீன் வேகிறதே தவிரப் பொரிவதில்லை. ஆகவே கழுவிய துண்டுகளைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உப்பும் மஞ்சளும் தடவிப் பத்து நிமிடம் வைத்தால் மீன் தானே நீர் விடும். அதையும் வடித்துவிட வேண்டும். பிறகே மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சோம்பு, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்த கெட்டியான மசாலாவைப் பூசி அரைமணி நேரம் ஊற வைக்கலாம். மசாலா மீனைப் பற்றிக்கொள்ள வேண்டும். கிண்ணத்தின் அடியில் தேங்கினால் அதில் நீர் மிகுதி என்று பொருள்.

அடுத்தது மாவு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மீனை மோரில் ஊறவைத்துச் சோளமாவில் புரட்டிப் பொரிப்பது புகழ்பெற்ற வழக்கம். அங்கே சோளம் அன்றாடத் தானியம். கைக்கு எட்டியதைக் கொண்டு அவர்கள் தம் மொறுமொறுப்பைக் கண்டார்கள். அதைப் படத்தில் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் பொட்டலமாவுக்கு அலைய வேண்டியதில்லை. நமக்கு அரிசி இருக்கிறது. மைதாவைக் காட்டிலும் அரிசிமாவு எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும். மேற்புறம் நறுக்கென்று நிற்கும். அரைக் கிலோ மீனுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவு போதும். பொரிப்பதற்குச் சற்று முன் மெல்லியதாகத் தூவிப் புரட்டினால் நிறமியும் வேண்டாம், வேறு தூளும் வேண்டாம்.

மூன்றாவது சூடு. எண்ணெய் ஏறத்தாழ 175 முதல் 180 பாகை செல்சியஸ் வரை காய வேண்டும். அளவி இல்லாத வீட்டில் ஒரு கறிவேப்பிலையைப் போட்டால் போதும். சடசடவென்று பொரிந்து மேலெழுந்தால் அதுவே பதம். எண்ணெய் புகைந்தால் பதம் தாண்டிவிட்டது. ஒரே நேரத்தில் சட்டி நிறைய மீனைப் போட்டால் சூடு தணிந்து, மீன் எண்ணெயைக் குடித்துத் துவண்டுவிடும். மூன்று நான்கு துண்டுகளாகப் போட்டு, அடிப்புறம் இறுகித் தானாகக் கல்லை விடும்வரை திருப்பாமல் பொறுத்திருக்க வேண்டும். எடுத்த மீனை மூடி வைக்கக் கூடாது. மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். கம்பித் தட்டில் காற்றாட வைக்க வேண்டும்.

வஞ்சிரம்தான் வேண்டும் என்பதுமில்லை. மத்தியும் நெத்திலியும் விலை குறைந்தவை, முள்ளோடு மொறுமொறுப்பவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது பனிக்கட்டியில் நெடுநாள் கிடந்த மீனைக் கூடுதல் விலைக்கு வாங்குவதைவிட, வீராணம் ஏரியின் கெண்டையையோ விராலையோ இதே முறையில் பொரிக்கலாம்.

அடுப்படியில் நிற்பது யார்?

இனிச் சொல்லப்போவது ஆண்களுக்குக் கசக்கும். ஆயினும் சொல்லியாக வேண்டும்.

பொரித்த மீனுக்கு ஆயுள் குறைவு. சட்டியிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் உண்டால்தான் அதன் சுவை. ஆகவே நாம் சஹனைச் சுற்றி அமர்ந்து, "இன்னும் இரண்டு துண்டு, சூடாக" என்று குரல் கொடுக்கிறோம். வீட்டுப் பெண் அடுப்பின் அனலில் நின்று பொரித்துப் பொரித்துத் தருகிறாள். எல்லோரும் கை கழுவிய பிறகு, ஆறித் துவண்ட வால் துண்டு அவளுக்கு மிஞ்சுகிறது. எண்ணெய் தெறித்த அடுப்பைத் துடைப்பதும் அவளே. மறுநாள் "கடையில் வாங்கியது போல் இல்லையே" என்ற விமர்சனத்தைக் கேட்பதும் அவளே. இதற்குப் பின் அவள் "கடையிலேயே வாங்கி வாருங்கள்" என்று சொன்னால் அவளைச் சோம்பேறி என்று எவரேனும் பழிக்க முடியுமா? பெண்கள் அடுப்பைக் கைவிடவில்லை. நாம் அவர்களை அடுப்படியில் தனியே கைவிட்டோம்.

உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்திக்கொள்ள வேண்டும், இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது அவருக்குத் தர வேண்டும், ஏனெனில் அதன் வெப்பத்தையும் உழைப்பையும் தாங்கியவர் அவரே என்னும் கருத்தை நபியவர்கள் (ஸல்) கூறியதாகப் புகாரியில் காண்கிறோம். பணியாளருக்கே இந்த உரிமையென்றால், நம் பிள்ளைகளின் தாய்க்கு எவ்வளவு? நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். மிஸ்வாக்கிலும் தாடியிலும் சுன்னத்தைத் தேடும் நாம், சமையலறை வாசலில் மட்டும் ஏன் அதைக் கழற்றி வைக்கிறோம்?

"வேலை முடிந்து களைத்து வருகிறோம், நேரமில்லை" என்பது அடுத்த வாதம். கடை வாசலில் அரைமணி நேரம் நிற்க நேரம் இருக்கிறது. அதே அரைமணியில் ஒரு கிலோ மத்தியைப் பொரித்து முடிக்கலாம். "வீடெல்லாம் நாற்றம் வரும்" என்பது இன்னொரு வாதம். சாளரத்தைத் திறந்து வைத்தால் வாடை போய்விடும். அது அண்டை வீட்டை எட்டுகிறதே என்ற கவலை இருந்தால் அதற்கும் வழி உண்டு. குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனியுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். நாமும் நான்கு துண்டுகளைக் கூடுதலாகப் பொரித்து ஒரு தட்டில் அனுப்பலாம். பொட்டலம் வாங்கும் வீட்டில் எண்ணிக்கைக்கு மேல் ஒரு துண்டும் இராது. பொரிக்கும் வீட்டில்தான் பகிர்வதற்கு மிஞ்சும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் வெள்ளிக்கிழமை மாலை நீங்களே சென்று மீன் வாங்குங்கள். கூடை சுமந்து வரும் மீனவப் பெண்ணிடம் பத்து ரூபாய்க்காக மல்லுக்கு நிற்காதீர்கள். கடையில் கேட்ட விலையைப் பேசாமல் கொடுப்பவர்கள்தாமே நாம்! மீனை நீங்களே ஆய்ந்து, கழுவி, ஒற்றி, பொரித்து, முதல் துண்டை உம்மாவின் தட்டிலும் இரண்டாம் துண்டை மனைவியின் தட்டிலும் வையுங்கள். கடைசித் துண்டு உங்களுக்கு இருக்கட்டும்.

ஹலாலானதை, தூய்மையானதை, நம் கையால் சமைத்து, சமைத்தவரும் சேர்ந்தமர்ந்து உண்ணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் எல்லோருடைய இல்லங்களுக்கும் வழங்குவானாக! ஆமீன்.