புது ரைஃபிள் வந்தாச்சு... ‘சைட்’ வந்துச்சா? ராணுவத் துப்பாக்கியில் குறியைத் தீர்மானிப்பது எது?

ராணுவத்துக்குப் புது ரைஃபிள் வாங்குறாங்கன்னு செய்தி வந்தா நாம் பார்ப்பது இரண்டே எண்கள்தான். எத்தனை துப்பாக்கி? எத்தனை கோடி?

2019-ல் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 ரைஃபிள்களை வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. 2024-ல் மேலும் 73,000. இது போக, ரஷ்யாவுடன் சேர்ந்து உத்தரப்பிரதேசத்தின் கோர்வாவில் 6 லட்சத்துக்கும் அதிகமான ஏ.கே.-203 ரைஃபிள்களைத் தயாரிக்கும் திட்டம் தனியாக நடக்கிறது. 1990-களில் வந்த இன்சாஸ் ரைஃபிளுக்கு மாற்று இவை.

இந்தச் செய்திகளில் பெரும்பாலும் காணாமல் போகும் ஒரு சொல், ‘சைட்’. துப்பாக்கியின் மேலே இருக்கும், குறி பார்க்க உதவும் கருவி. தோட்டா எங்கே போய்ச் சேரும் என்பதில் துப்பாக்கிக்கு எவ்வளவு பங்கு இருக்கிறதோ, அவ்வளவு பங்கு இதற்கும் இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் தவறினால் என்ன ஆகும்?

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். குழல் முனையில் இருப்பது ஃபோர்சைட். கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பேக்சைட். இரண்டும் இலக்கும் ஒரே கோட்டில் வர வேண்டும்.

இரண்டு சைட்டுக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோடு வெறும் 1 மி.மீ. விலகினால், 300 மீட்டர் தூரத்தில் தோட்டா 60 செ.மீ. தள்ளிப் போகும். ஓர் ஆளின் தோள் அகலத்தைவிட அதிகம். அதாவது, பக்கத்தில் நிற்பவர் மேல் படலாம்.

‘ஜீரோயிங்’ என்றால் என்ன?

ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் தயாரான இரண்டு ரைஃபிள்கள்கூட அச்சு அசலாக ஒரே இடத்தில் சுடாது. பிடிக்கும் விதமும் கண்ணை வைக்கும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒவ்வொரு வீரரும் தனது துப்பாக்கியின் சைட்டைத் தனக்கென்று சரிசெய்ய வேண்டும். அதுதான் ஜீரோயிங்.

சிம்பிளா சொன்னா, மூன்று முதல் ஐந்து தோட்டாக்களை ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுடுவார்கள். அவை நெருக்கமாக விழ வேண்டும். எங்கே விழுகிறது என்பது அப்புறம். சிதறி விழுந்தால் பிரச்சினை பெரும்பாலும் சுடுபவரிடம். சைட்டைத் திருகிப் பயனில்லை. நெருக்கமாக, ஆனால் தள்ளி விழுந்தால் சைட்டைத் திருத்த வேண்டும்.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தோட்டாக்கள் வலப்பக்கம் விழுந்தால் ஃபோர்சைட்டையும் வலப்பக்கமே நகர்த்த வேண்டும். தவறு எந்தப் பக்கமோ, அதே பக்கம். பேக்சைட் என்றால் நேர் எதிர்.

ரெட் டாட், ஸ்கோப்... எது எதற்கு?

இரும்பு சைட்டில் பேக்சைட், ஃபோர்சைட், இலக்கு என மூன்றையும் கவனிக்க வேண்டும். ஆனால், நம் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் ஃபோகஸ் ஆகும். ரெட் டாட் சைட்டில் அந்தச் சிக்கல் இல்லை. கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியை இலக்கின் மேல் வைத்தால் போதும். இரண்டு கண்ணையும் திறந்தபடி சுடலாம். கிட்டத்துச் சண்டைக்கு ஏற்றது.

உருப்பெருக்கும் ஸ்கோப் இன்னொரு வகை. 4 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சுசாட் என்ற சைட்டை பிரிட்டன் 1980-களிலேயே தனது காலாட்படையின் ரைஃபிளில் பொருத்தியது. இதன் பயன் துல்லியம் மட்டும் இல்லை. 300 மீட்டரில் நிற்பவர் கையில் இருப்பது துப்பாக்கியா, மண்வெட்டியா? வெறும் கண்ணுக்குத் தெரியாதது ஸ்கோப்பில் தெரியலாம். பொதுமக்கள் வாழும் பகுதியில் பணியாற்றும் படைக்கு, சுடக் கூடாதவரை அடையாளம் காண்பதும் குறி பார்ப்பதன் ஒரு பகுதிதான்.

இமயமலையில் வேறு கணக்கு

உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. தோட்டாவுக்குத் தடை குறைவு என்பதால் சமவெளியில் இருப்பதைவிடச் சற்று மேலே போய்ப் படும். கிட்டத்தில் இந்த வித்தியாசம் சிறிது; தூரம் கூடக்கூட பெரிதாகும். கடும் குளிரோ தோட்டாவின் வேகத்தைக் குறைக்கும். பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும். ஆக, சமவெளியில் ஜீரோ செய்த ரைஃபிளை லடாக்கில் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அமெரிக்காவுக்குக் கிடைத்த பாடம்

இந்தக் கணக்கையெல்லாம் கருவியே போட்டுவிட்டால்? அப்படி யோசித்ததுதான் அமெரிக்க ராணுவம். தூரத்தை லேசரால் அளந்து, எங்கே குறிவைக்க வேண்டும் என்று காட்டும் எக்ஸ்.எம்.157 சைட்டுக்கு 2022 ஜனவரியில் வோர்டெக்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. 10 ஆண்டுகளில் 2.5 லட்சம் சைட்கள் வரை. மதிப்பு அதிகபட்சம் 270 கோடி டாலர்.

ஆனால், பென்டகனின் சோதனை, மதிப்பீட்டுப் பிரிவு 2025-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது வேறு. சோதித்த வீரர்கள் இதன் பயன்பாட்டு வசதிக்குச் சராசரிக்கும் கீழான மதிப்பெண்ணே கொடுத்தார்கள். பெரிய பழுது இல்லாமல் 72 மணி நேரப் போர்ப் பணியை முடிக்கும் வாய்ப்பும் குறைவு என்றது அந்த அறிக்கை.

ஸ்மார்ட் சைட் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. இலக்கைப் பின்தொடர்ந்து, குறி பொருந்தும் நொடியில் மட்டும் சுட அனுமதிக்கும் இஸ்ரேலின் ‘ஸ்மாஷ்’ சைட் சிறிய ட்ரோன்களுக்கு எதிராகப் பயன்படுகிறது. இந்தியக் கடற்படையும் அதை வாங்க முடிவு செய்ததாக 2020 இறுதியில் செய்தி வந்தது. பிரச்சினை, கருவியை வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான்.

அடுத்த முறை செய்தி வரும்போது...

இந்தியாவில் இரண்டுக்கும் அரசு நிறுவனங்கள் உண்டு. ரைஃபிள் தயாரிக்க திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை போன்றவை; சைட் உள்ளிட்ட ஒளியியல் கருவிகளுக்கு டேராடூனில் இந்தியா ஆப்டெல். ஏ.கே.-203-ன் மேல்பகுதியில் நவீன சைட் பொருத்துவதற்கான ரெயிலும் இருக்கிறது. இடம் தயார். அதில் என்ன பொருத்தப்படுகிறது என்பதே கேள்வி.

எனவே, அடுத்த ரைஃபிள் ஒப்பந்தச் செய்தியைப் படிக்கும்போது எத்தனை கோடி என்பதோடு மூன்று விஷயங்களையும் தேடுங்கள். சைட் சேர்த்தா, தனியா? அது கெட்டால் சரிசெய்ய உதிரிப் பாகமும் பேட்டரியும் முன்னணி முகாம் வரை போகுமா? ஒரு வீரருக்கு ஆண்டுக்கு எத்தனை தோட்டா பயிற்சிக்குக் கிடைக்கும்?

மூன்றாவதுக்குப் பதில் இல்லாவிட்டால், முதல் இரண்டுக்குச் செலவழித்த பணம் முழுப் பலன் தராது. ஜீரோ செய்யாத சைட் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், தவறான இடத்தைத்தான் துல்லியமாகக் காட்டும்.