புழுவுக்குப் பந்தி!

பத்து வயதுப் பாலகன் ஒருவன் சுண்ணக்கட்டி தின்கிறான்! கரும்பலகையிலே எழுத நாம் காலையிலே வைத்த கட்டி, நண்பகலுக்குள் அவன் வயிற்றுக்குள்ளே! 1955 ஜனவரியிலே "சோசலிசப் பாணிச் சமுதாயம்" என்று காங்கிரசார் தீர்மானம் தீட்டினார்களே, அந்த ஆவடியின் ஓரத்திலே, இன்று நாம் காணும் காட்சி இது.

அடித்து விரட்டவில்லை நாம். அவன் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தோம். சிவக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. தாயை வரவழைத்தோம். "கண்ணு பட்டுடுச்சு சார். மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்கோம்" என்றாள். கட்டியவருக்கு நூற்றொரு ரூபாய் காணிக்கையாம்! கயிறோ மணிக்கட்டிலே, புழுவோ குடலிலே. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை!

இரத்தம் குன்றியவர்கள் மண்ணையும் சாம்பலையும் சுண்ணத்தையும் நாடுவதுண்டு. குன்றுவதற்குக் காரணம் பல. நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் முதலிலே ஐயுற வேண்டியவற்றுள் ஒன்று கொக்கிப்புழு. வெளியே மலம் கழித்த ஈரமண்ணிலே பொரிந்து, செருப்பில்லாத பாதத்தைத் துளைத்து, குருதியோடு நுரையீரலுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலை அடைந்து, அங்கே கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. அதன் உறவினரான உருளைப்புழுவில் பெண் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டை இடுகிறது. பந்தி விரித்துப் பரிமாறுவது யார்? நம் பிள்ளை!

பேயோட்டப் பணம் கேட்கிறான் பூசாரி. புழுவோட்டக் காசே வேண்டாம் என்கிறது மருத்துவம். 2015 முதல் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 1 வயது முதல் 19 வயது வரை அனைவருக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அரை மாத்திரை. மென்று விழுங்க வேண்டியது, கசப்பும் இல்லை. இருந்தும் என்ன நடக்கிறது? நாக்கின் அடியிலே ஒளித்துவைத்துச் சுவருக்குப் பின்னால் துப்புகிறான் ஒருவன். "வயித்துல பூச்சி இருந்தாத்தான் பசி எடுக்கும்" என்று பாட்டி சொல்லிவிட்டாளாம்! புழு மிகுந்த பிள்ளைக்கு மாத்திரைக்குப் பின் சற்றே வயிறு வலித்தால், குமட்டினால், மாலைக்குள் "விஷ மாத்திரை" என்று ஊரே பேசுகிறது. வலிப்பது, விருந்தாளி வெளியேறும் வலி, ஐயா!

பாட்டியையாவது மன்னிப்போம். பட்டம் பெற்ற தந்தையொருவர் சீட்டு அனுப்பினார்: "இதெல்லாம் குடிசைப் பிள்ளைகளுக்கு. என் மகனுக்கு வேண்டாம்." என்ன பெருமை! அவர் வீட்டுக்கு வரும் கீரை எந்தத் தண்ணீரிலே வளர்ந்தது என்று அவருக்குத் தெரியுமா? முட்டை ஒட்டிய கீரையைச் சரியாகக் கழுவாமல் தின்றவன் எந்தத் தெருவினன் என்று புழு விசாரிப்பதில்லை. விசாரிக்கும் வழக்கம் மனிதனுக்குத்தான் உண்டு. அந்த வழக்கம்தான், மலம் அள்ள ஒரு கூட்டம், மூக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு கூட்டம் என்று ஊரைப் பிரித்து, கழிப்பறையைப் பற்றிப் பேசுவதையே இழிவாக்கி வைத்தது.

மாத்திரையோடு கடமை முடிந்ததென்று கணக்கெழுதும் ஆட்சியாளருக்கும் ஒரு சொல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே, நம் தமிழ்த் தொழிலாளரிடையே, 1910களிலேயே ராக்ஃபெல்லர் அறநிறுவனம் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தது. புழு விழுந்தது, மீண்டும் புகுந்தது. ஏன்? கூலி லயன்களுக்குக் கழிப்பிடம் கட்டச் செலவழிக்கத் தோட்ட முதலாளிகள் மனம் வைக்கவில்லை. நூறாண்டு கடந்தும் நாம் கற்ற பாடம் என்ன? பிள்ளை கையிலே மாத்திரை. பள்ளிக் கழிப்பறையிலே தண்ணீர் இல்லை, கதவுக்குத் தாழ் இல்லை!

இன்னொன்று. கொக்கிப்புழு பெரியவர்களிடமே மிகுதி. மகனுக்கு மருந்து, தந்தைக்கு இல்லை என்றால், தந்தையின் புழு மகனைத் தேடி வராதா? ஊர் முழுவதற்கும் கொடுத்தால் தொற்று அறுபடுமா என்று ஆராய, 2017 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் திமிரியிலும் சவ்வாது மலையிலும், ஒரு வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை, மூன்றாண்டு காலம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கேள்வியைக் கேட்கும் துணிவு அங்கே மலைவரை ஏறியிருக்கிறது. பூவிருந்தவல்லிச் சாலையோரத்துக் கட்டட வேலைக்காரரின் கொட்டகைக்குள் நுழைய மட்டும் அதற்கு வழி தெரியவில்லை.

சுண்ணக்கட்டிச் சிறுவனுக்கு இரத்தம் சோதித்தார்கள். புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கயிறு கையிலேயே இருக்கிறது. நாம் அவிழ்க்கச் சொல்லவில்லை. சித்தாள் வேலைக்குப் போகும் அவன் தாய், அடுத்த மாத்திரை நாளன்று பள்ளி வாசலிலே நின்று, "எனக்கும் ஒண்ணு குடுங்க சார்" என்றாள். நாற்பதை நெருங்கும் அவளுக்கு அந்தப் பட்டியலிலே இடமில்லை. சுகாதார நிலையத்திலே கேட்கச் சொன்னோம்.

"அது தொறந்திருக்கிற நேரம் எனக்கு வேலை நேரம் சார்" என்றாள்.