அடங்கிய ஜன்னி

தீவிர சிகிச்சைப் பிரிவில் ட்யூபைப் பிடுங்கி எறியும் நோயாளியிடம் எல்லோரும் ஓடுகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கிடப்பவர் ‘தொந்தரவில்லாத பேஷண்ட்’. நன்றாகத் தூங்குகிறார் என்று உறவினர்களும் நிம்மதியாகத் திரும்புகிறார்கள். உண்மையில் இருவருக்கும் ஒரே கோளாறு இருக்கலாம்: டெலிரியம். ஊரில் ஜன்னி என்பார்கள். ஆர்ப்பாட்டமான ஜன்னி தானாகவே தெரிந்துவிடும். அடங்கிய ஜன்னியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பிடிக்கக்கூடியவர் நர்ஸ். டெலிரியம் ஒரே சீராக இருப்பதில்லை. காலையில் தெளிவு, இரவில் குழப்பம் என்று மாறும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் சில நிமிடங்களில் நோயாளி தெளிவாக இருந்துவிடலாம். ஷிஃப்ட் முழுக்க அருகில் இருப்பவருக்குத்தான் மாற்றம் புலப்படும்.

தொண்டையில் குழாய் இருப்பவரை எப்படிச் சோதிப்பது? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி எலியும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட ‘கேம்-ஐசியூ’ சோதனைக்குப் பேச்சு தேவையில்லை. நர்ஸ் 10 ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ‘ஏ’ வரும்போது மட்டும் நோயாளி அவர் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். பிறகு, கல் தண்ணீரில் மிதக்குமா என்பது போன்ற கேள்விகள். தலையசைத்தால் போதும். எல்லாம் சில நிமிட வேலை.

அந்தச் சில நிமிடங்கள் வீணல்ல. 2004இல் இதே குழு வெளியிட்ட ஆய்வில், வெண்டிலேட்டரில் இருந்த 224 பேரில் 183 பேருக்கு டெலிரியம் வந்திருந்தது. வந்தவர்களில் 34 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். வராதவர்களில் 15 சதவீதம்தான்.

மாத்திரை, ஊசியில் தீர்வு இல்லை. வழக்கமாகக் கொடுக்கப்படும் ஹாலோபெரிடால், போலி மருந்தைவிட டெலிரியத்தைச் சீக்கிரம் போக்கவில்லை என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பலன் தருபவை சாதாரணக் காரியங்கள். தேதியும் இடமும் சொல்லிப் பேசுவது, இரவில் விளக்கையும் சத்தத்தையும் குறைப்பது, முடிந்தவரை எழுப்பி உட்கார வைப்பது, மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் கொடுப்பது. 1999இல் நியூஹேவனில் சாதாரண வார்டில் இருந்த முதியவர்களிடம் இப்படிச் செய்தபோது டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது.

இந்தியாவில் பல மருத்துவமனைகளில் நடப்பது நேர்மாறு. கண்ணாடி, பல்செட் எல்லாம் பையில் போட்டு உறவினரிடம் திருப்பித் தரப்படும். உறவினரும் கதவுக்கு வெளியே. ஆனால் ‘அப்பா இப்படி மந்தமாக இருப்பவரே இல்லை, சிஸ்டர்’ என்று சொல்ல அவரைத் தவிர வேறு யாரால் முடியும்? சோதனையின் முதல் கேள்வியே நோயாளி வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறாரா என்பதுதான்.

நர்ஸ் கண்டுபிடித்துக் கேஸ் ஷீட்டில் எழுதினால் மட்டும் போதாது. பின்னால் இருப்பது தொற்றா, ஆக்சிஜன் குறைவா, மயக்க மருந்தா என்று டாக்டர் தேட வேண்டும். அதற்கு முதலில் அவர் நர்ஸ் எழுதியதைப் படிக்க வேண்டும்.