ஸாரி என்ற சொல்லை முன்வைத்து

ரேமண்ட் கார்வரின் ‘எ ஸ்மால், குட் திங்’ சிறுகதையைத் தமிழாக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவைத்திருக்கிறேன். கார்வரின் ஆங்கிலம் கடினமானதல்ல என்பது அவரை வாசித்தவர்களுக்குத் தெரியும். அகராதியைப் புரட்டவேண்டிய சொற்கள் கதை முழுவதிலும் பத்துகூடத் தேறாது. என்னைத் தடுத்து நிறுத்தியது, ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டுவிடும் ஒரு சொல். ஸாரி.

கதையை வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகனின் எட்டாவது பிறந்தநாளுக்காக ஒரு தாய் கேக் செய்யச் சொல்லிவிட்டு வருகிறாள். பிறந்தநாளன்று காலை பள்ளிக்கு நடந்துபோகும் சிறுவன்மீது ஒரு கார் மோதிவிடுகிறது. ஓட்டியவர் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தி, பையன் எழுந்து நிற்கும்வரை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். வீட்டுக்கு நடந்தே வந்த சிறுவன் படுத்த இடத்தில் நினைவிழந்துவிடுகிறான். மருத்துவமனையில் டாக்டர், இதைக் கோமா என்று சொல்லமாட்டேன், கண் விழித்துவிடுவான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். சிறுவன் இறந்துபோகிறான். இதற்கிடையே, வாங்கிக்கொள்ள ஆள் வராத கேக்கை வைத்துக்கொண்டு கோபத்திலிருக்கும் பேக்கரிக்காரர் வேளைகெட்ட வேளையில் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, தான் யாரென்று சொல்லாமல் சீண்டிக்கொண்டிருக்கிறார். கடைசியில் அது யாரென்று தாய்க்குப் பிடிபடுகிறது. பெற்றோர் இருவரும் நள்ளிரவில் அவர் கடைவாசலில் போய் நிற்கிறார்கள்.

இந்தக் கதையில் ஸாரி சொல்லக் கடமைப்பட்டவர்கள் மூன்று பேர். காரோட்டி சொல்வதில்லை, கதையிலிருந்தே மறைந்துவிடுகிறார். டாக்டர் சொல்கிறார். அது இரங்கலா, தன் கணிப்பு பிழைத்துப்போனதற்கான மன்னிப்பா என்று கார்வர் விளக்குவதில்லை. விளக்க அவசியமும் இல்லை, ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டையும் சேர்த்தே ஏந்திக்கொள்கிறது. பேக்கரிக்காரரும் சொல்கிறார், முதலில் பையன் இறந்ததற்காக, அடுத்து இதில் தனக்கிருந்த பங்குக்காக. ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டு அவர் துக்கத்திலிருந்து குற்ற ஒப்புதலுக்கு நடந்துவிடுகிறார். தமிழில் அந்த வழியின் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. இந்தப் பக்கம் வருத்தம், அந்தப் பக்கம் மன்னிப்பு. மொழிபெயர்ப்பவன் எங்கே சுவர் எழுப்புவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லை அன்றாடத்தில் புழங்கும் விதங்களைக் கவனித்தால் மலைப்பாக இருக்கும். எதிராளி சொன்னது காதில் விழவில்லையென்றால் கேள்வியின் தொனியில் ஒரு ஸாரி. வழிவிடச் சொல்ல ஒன்று. பேச்சில் ஒரு சொல் தவறிவிட்டால் திருத்திக்கொள்ள ஒன்று. முடியாது என்று முகத்திலடிப்பதற்கு முன்னால் கட்டாயமாக ஒன்று. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நின்றாலோ பொருளே வேறு: பார்க்கச் சகிக்காத, பரிதாபமான. மானுடவியலாளர் கேட் ஃபாக்ஸ், 2004இல் வெளியான ‘வாட்சிங் த இங்லிஷ்’ என்ற நூலுக்காக, பொது இடங்களில் போகிறவர் வருகிறவர்மேல் வேண்டுமென்றே மோதிப் பார்த்திருக்கிறார். மோதப்பட்டவர்களில் பெரும்பாலோர் அவரிடம் ஸாரி சொன்னார்கள். தான் முந்திக்கொண்டு ஸாரி சொல்லிவிடாமல் நாக்கைக் கட்டிவைப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்ததாம்.

இவ்வளவு மலிந்துபோன சொல்லின் வேர் வலியில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் புண்ணையும் நோவையும் குறித்த சொல்லிலிருந்து பிறந்த பெயரடை இது. துயரத்தைக் குறிக்கும் ‘ஸாரோ’ இதன் உடன்பிறப்பு என்றே நாம் நினைப்போம், ஒலி அப்படி. ஆனால் அது வேறு வேரில் கிளைத்தது. பிற்காலத்தில்தான் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. ‘அபாலஜி’யின் கதை நேரெதிர். கிரேக்கத்தில் அது தற்காப்பு வாதத்தைக் குறித்தது. சாக்ரடீஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேசியதாக பிளேட்டோ எழுதியதற்கு அதுவே தலைப்பு. அந்த உரையில் சாக்ரடீஸ் யாரிடமும் எதற்காகவும் மன்னிப்புக் கேட்பதில்லை. ஒன்று நோவில் தொடங்கியது, மற்றது வாதத்தில். இன்று இரண்டையும் ஒரே பொருளில் புழங்குகிறார்கள்.

தமிழின் பழைய வழி இவ்விரண்டிலும் சேராதது. ‘பிழை பொறுத்தருள்க’ என்போம். பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். எனக்கு நோகிறது என்கிறது ஆங்கிலம். என் பிழையை நீ சுமந்துகொள் என்கிறது தமிழ். மன்னிக்கவும் என்று சொல்லும்போதும் எதிரில் நிற்பவரிடம் ஒரு செயலை வேண்டுகிறோம், அவர் மறுக்கலாம். ஸாரி எதையும் வேண்டுவதில்லை. சொன்ன மாத்திரத்தில் சொன்னவருக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. நாம் அதை இத்தனை ஆசையாக வரித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தகப்பன் மகனிடம் ‘என்னை மன்னித்துவிடு’ என்று சொன்னால் நாடகத்தனமாக இருக்கும். ‘சாரிடா’ என்று சொல்லிவிட்டு நாளிதழைப் பிரித்துக்கொள்ளலாம். (சேலைக்கும் சிலர் இதே எழுத்துகளைத்தான் எழுதுகிறார்கள் என்பது கிடக்கட்டும்.) இந்தச் சொல் வருவதற்கு முன்பு நம்மிடம் சொல்லே தேவைப்படாத ஒரு மன்னிப்பும் இருந்தது. கால் தவறி யார்மீதாவது பட்டுவிட்டால் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. நல்லவேளையாக அது இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை.

ஆனால் வாங்கும்போது நாம் பாதியைத்தான் வாங்கினோம். அதனால்தான் ஆங்கிலச் சொல்லை ஸாரி என்றும், தமிழாகிவிட்டதைச் சாரி என்றும் எழுதுகிறேன். சாரிக்கு மன்னிப்பு என்ற பொருள் மட்டுமே உண்டு. துக்க வீட்டில் போய் யாரும் சாரி சொல்வதில்லை. அங்கே கையைப் பிடித்துக்கொள்வோம், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம்.

இந்தப் பாதி பற்றி எனக்குத் தெரியவந்தது ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில். சில ஆண்டுகளுக்கு முன்பு என் தந்தையை ஓர் அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்திருந்தோம். சின்ன விஷயம், மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் டாக்டர். இரண்டாம் நாள் அதிகாலையில் அவர் வெளியே வந்து என் தோளில் கைவைத்து, “சாரி சார்” என்றார். வேறு சில வார்த்தைகளும் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு நினைவில்லை. அவர் போனபிறகு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைக் கேட்டாள்: “அவரு எதுக்குப்பா சாரிங்கறாரு? அவரு என்ன பண்ணுனாரு?”

“அது இங்கிலீஷ்ல அப்படித்தாம்மா சொல்லுவாங்க” என்றேன். பொய்யில்லை. ஆனால் அந்த டாக்டரும் எங்களைப்போலத் தமிழ் பேசி வளர்ந்தவர்தான், மருத்துவத்தை ஆங்கிலத்தில் படித்தவர். அவர் எந்த மொழியில் அந்தச் சொல்லைச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா பிறகு கேட்கவில்லை. நானும் கோப்புகளைக் கேட்டு வாங்கவில்லை.

அம்மாவின் கேள்வியைச் சட்டமன்றங்களும் கேட்டிருக்கின்றன என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு செனட்டரின் மகள் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துபோனாள். ஓட்டியவர் கடைசிவரை ஸாரி சொல்லவில்லை. சொன்னால் அதுவே குற்ற ஒப்புதலாக வழக்கில் நிற்கும் என்ற அச்சம்தான் காரணம் என்று அந்தத் தகப்பனுக்குச் சொல்லப்பட்டது. (கார்வரின் காரோட்டி நினைவுக்கு வராமல் இருப்பாரா?) விபத்தில் அடிபட்டவரிடமோ அவர் குடும்பத்திடமோ இரக்கத்தோடு சொல்லும் வார்த்தைகளைப் பொறுப்பை ஏற்றதற்கான சான்றாகக் கொள்ளக்கூடாது என்று 1986இல் அங்கே சட்டமானது. கலிஃபோர்னியா 2000இல் இன்னும் நுணுக்கமாகக் கத்தி போட்டது: இரங்கலுக்குப் பாதுகாப்பு உண்டு, அதே மூச்சில் ‘தவறு என்னுடையது’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை. தமிழின் சுவரை அவர்கள் சட்டப் புத்தகத்தில் எழுப்பியிருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இல் சுவரே வேண்டாம் என்று முடிவெடுத்தது. தவறை ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் ஸாரி சொன்னது வழக்கில் சொன்னவருக்கு எதிராகத் திரும்பாது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் மனிதத்தன்மை உள்ளதாகப் படுகிறது. கலிஃபோர்னியா டாக்டர் ஒருவர் தாழ்வாரத்துக்கு வரும்போது, எந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் யோசித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

அரசாங்கங்கள் இந்தச் சொல்லின் இரட்டைத்தனத்தைத் தெரிந்தே பயன்படுத்துகின்றன. 2001 ஏப்ரல் 1ஆம் தேதி சீனத்தின் ஹைனான் தீவருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர்விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்தார். ஹைனானில் தரையிறங்கிய அமெரிக்கர் 24 பேரைச் சீனம் பிடித்துவைத்து, மன்னிப்புக் கேள் என்றது. பதினோராம் தேதி அமெரிக்கத் தூதர் கொடுத்த கடிதத்தில் இரண்டிடத்தில் ‘வெரி ஸாரி’ இருந்தது, விமானி இறந்ததற்கு ஒன்று, அனுமதியின்றித் தரையிறங்கியதற்கு ஒன்று. சீன ஊடகங்கள் மன்னிப்பின் சாயலுள்ள சீனச் சொல்லால் அதைப் பெயர்த்து வெளியிட்டன. நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, வருந்தினோம் என்றது வாஷிங்டன். இருபத்துநான்கு பேரும் ஊர் திரும்பினார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் உலகுக்குச் செய்த சேவைகளில் இதையும் சேர்க்கலாம், கொஞ்சம் கூச்சத்தோடு.

ஜாலியன்வாலா பாக் விஷயத்தில் அந்தச் சொல் வரவே இல்லை. 1919 ஏப்ரல் 13 அன்று இறந்தவர்கள் 379 பேர் என்பது பிரிட்டிஷ் அரசின் கணக்கு, காங்கிரஸின் கணக்கு ஆயிரத்தைத் தொடும். 2013இல் அங்கே வந்த டேவிட் கேமரன் வருகையாளர் ஏட்டில் வெட்கத்துக்குரிய நிகழ்வு என்று எழுதினார். நூற்றாண்டையொட்டி 2019இல் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் என்றார். பேருந்தில் காலை மிதிபட்டவரே ஸாரி சொல்லும் ஒரு தேசம், சுட்டவர்கள் சார்பில் அதைச் சொல்ல மட்டும் நூறு ஆண்டுகளில் வாய் திறக்கவில்லை. அதே 2019 செப்டம்பரில் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அங்கே வந்து தரையில் குப்புற விழுந்து வணங்கி, தனிப்பட்ட முறையில் ஸாரி சொன்னார். அரசின் சார்பில் பேச எனக்கு உரிமையில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல்லே அரசியலாயிற்று. தொல்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுசென்ற கொள்கையைப் பற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வெளிவந்தபோது, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பிரதமர் ஜான் ஹோவர்ட் 1999இல் ‘ரிக்ரெட்’ என்ற சொல்லைத் தீர்மானத்தில் வைத்தார், ஸாரியை வைக்க மறுத்தார். முந்தைய தலைமுறைகளின் செயலுக்கு இன்றைய தலைமுறை குற்றம் ஏற்க முடியாது என்பது அவர் வாதம். 2000 மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தார்கள். மேலே ஒரு விமானம் புகையால் அந்த ஒற்றைச் சொல்லை வானத்தில் எழுதிச் சென்றது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தொல்குடியினர் பேசும் ஆங்கிலத்தில் ‘ஸாரி பிஸினஸ்’ என்றால் இழவுச் சடங்குகள். ஒருவர் இறந்துவிட்டால் உறவினர் எல்லோரும் தங்கள் வேலைகளை விட்டுவிட்டு வந்து கூடியிருக்க வேண்டிய நாட்கள். நோவு என்ற ஆதிப்பொருளை அவர்கள் அந்தச் சொல்லுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ‘ஸாரி சொல்’ என்பதில், எங்கள் இழவில் வந்து உட்கார் என்ற அழைப்பும் இருந்திருக்கும். பிரதமரின் காதில் விழுந்தது ‘குற்றத்தை ஒப்புக்கொள்’ என்பது மட்டுமே. 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னார். எந்தச் சட்டங்களுக்காக, எந்தக் கொள்கைகளுக்காக, யார் யாருடைய வலிக்காக என்று பெயர்சொல்லிப் பெயர்சொல்லிச் சொன்னார். அவையின் பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். ஹோவர்ட் வரவில்லை. அந்த உரைக்குப் பிறகும் எத்தனையோ விஷயங்கள் மாறவில்லை என்பது உண்மை. அதற்காக அதை வெறும் சொல் என்று தள்ள நான் தயாரில்லை. ‘எதுக்கு’ என்ற கேள்விக்கு அவர் பதில் வைத்திருந்தார்.

கார்வரின் பேக்கரிக்காரரிடமும் அந்தப் பதில் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெற்றோர் எழுந்து போகாமல், அவர் சுடச்சுட எடுத்துக்கொடுக்கும் ரொட்டியைச் சாப்பிடுகிறார்கள்.

என் பிரதியில் டாக்டர் சொல்வதை ஸாரி என்றே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டேன். வாசிக்கும் தமிழர் அதை அம்மா கேட்ட மாதிரிதான் கேட்பார், கேட்கட்டும். பேக்கரிக்காரரின் வாக்கியத்தில் ‘வருந்துகிறேன்’ என்று போட்டால் நாளிதழின் இரங்கல் விளம்பரம்போல் இருக்கிறது, ‘மன்னியுங்கள்’ என்று போட்டால் பையனைக் கொன்றவர் அவரே என்றாகிவிடுகிறது. ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். இந்தக் கதையின் முந்தைய வடிவம் ஒன்று ‘த பாத்’ என்ற தலைப்பில் 1981இல் வந்தது, பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ் குறுக்கிக் கொடுத்தது. அதில் பையனின் மரணமும் இல்லை, பேக்கரிக் காட்சியும் இல்லை. தொலைபேசி மணி அடிப்பதோடு முடிந்துவிடுகிறது. அதை எடுத்துக்கொண்டிருந்தால் எப்போதோ முடித்திருப்பேன்.