தேய்ந்த விரலுக்கும் ஒரு பங்கு

ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை என்ற பழைய பல்லவி இனிச் செல்லாது. 2023இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தபோது ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னார்கள். 2024 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்கு ஏறத்தாழ 10,372 கோடி ரூபாய். 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டம். அதுவும் தனியார் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலும் வட்டியே இல்லாமலும் நீண்ட காலக் கடனாக! (தாராவிப் பட்டறைக்காரர் கடன் கேட்டால் எத்தனை தரம் நடக்க விடுவார்கள் என்பது நமக்குத் தெரியும்.)

ஆராய்ச்சி வேண்டாம் என்பவர்கள் அல்ல நாம். பாதுகாப்பு, பாதுகாப்பு என்கிறார்களே, யாருக்குப் பாதுகாப்பு என்பதே நம் கேள்வி.

ரேகை இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். சிமெண்டு கலக்குகிறவர், தோல் தைக்கிறவர், நாலு வீட்டில் பாத்திரம் துலக்கும் நம் தாய்மார், இவர்கள் விரலில் ரேகை எங்கே மிச்சம் இருக்கிறது? 2020 அக்டோபரில் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் சேர்ந்தது. ஊரில் முன்னுரிமை அட்டை வைத்திருப்பவர் மும்பையிலும் தானியம் வாங்கலாம். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊரில் ரேகை விழாவிட்டால் கடைக்காரருக்கு முகம் தெரியும். இன்னார் சம்சாரம் என்று சொல்ல நாலு பேர் உண்டு. இங்கே நமக்குச் சாட்சி அந்த விரல் ஒன்றுதான். உழைத்துத் தேய்ந்த அந்த விரலைத்தான் இயந்திரம் தள்ளுகிறது.

ரேகை பொருந்தவில்லை என்று யாருக்கும் உரியதை மறுக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. இயந்திரம் கடையில் இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் 30 கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர் விவரம் ஏறியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்குக் கொடுத்துக்கொள்ள 17ஆம் பிரிவில் வாசல் திறந்து வைத்திருக்கிறது. நம் விவரம் முழுவதும் அவர்களிடம். அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேட்க நாம் எங்கே போவது?

ஆகவே நாம் கேட்கிறோம். பொதுப்பணம் வாங்கிச் செய்யும் எந்தக் கருவியும் கல்லூரி மாணவர் விரலில் மட்டுமல்ல, கொத்தனார், சித்தாள், சலவைத் தொழிலாளி, முதியோர் விரல்களிலும் சோதிக்கப்பட வேண்டும். எத்தனை பேரைத் தள்ளியது என்ற கணக்கைத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் வெளியிட வேண்டும். பணம் பங்கிடும் குழுவில் தொழிற்சங்கத்தார் ஒருவராவது உட்கார வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் குடும்பங்கள், ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்பிய தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் திரட்டி நம் தொகுதி எம்.பி.யிடம் நேரில் கொடுப்போம்.